யாரை அடிக்கப் போறே?

முவாய் தாய் என்ற தாய்லாந்துச் சண்டைக் கலையைப் பழகுகிறேன் என்று சொன்னால் கேட்பவர் முகத்தில் முதலில் ஒரு சிரிப்பு வரும். அடுத்து, தவறாமல், "யாரை அடிக்கப் போறே?" வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தால் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவரும் இதற்கென்றே ஒரு பாவமான முகத்தைப் பழகி வைத்திருக்கிறார். கல்யாண வீடுகளில் அந்த முகத்துக்கு நல்ல வரவேற்பு.

யாரையும் அடிக்கப் போவதில்லை. நாற்பதைத் தாண்டியாயிற்று, இரண்டு பிள்ளைகள், நாள் முழுக்கக் காப்புறுதிக் கோப்புகளுக்கு முன்னால் உட்கார்ந்தே இருக்கும் வேலை. சண்டைக்கு ஏது நேரம்? என்னை அங்கே அனுப்பியது சர்க்கரை. வருடாந்தர ரத்தப் பரிசோதனையில் எண்கள் எல்லைக்கோட்டில் நின்றன. டாக்டர் பயமுறுத்தவில்லை. "உங்க அப்பாவுக்கு இருக்கா? அம்மாவுக்கு?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறது. அப்பா, அம்மா, பெரியப்பா, இரண்டு அத்தைகள். எங்கள் வீட்டுத் தீபாவளிக்குப் பலகாரத் தட்டுக்குப் பக்கத்திலேயே மாத்திரைப் பெட்டியும் வந்து உட்கார்ந்துவிடும்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. பாதிக்கும் மேற்பட்டவர்கள், 54.4 விழுக்காடு, கூடுதல் எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். நீரிழிவில் இந்தியர்களின் விழுக்காடு நாட்டுச் சராசரியைவிட அதிகம் என்பதை ஆய்வு வந்துதான் சொல்ல வேண்டியதில்லை. எந்த கிளினிக் வரிசையில் போய் உட்கார்ந்தாலும் தெரியும்.

சரி, நடக்கலாம் என்று தித்திவங்சா ஏரிப் பூங்காவுக்குப் போனேன். பத்துமலையின் 272 படிகளையும் காலையில் ஏறிப் பார்த்தேன். குரங்குகளைத் தவிர குறை சொல்ல ஒன்றும் இல்லை. தாமான் பக்கத்து ஜிம்மில் சேர்ந்து டிரெட்மில்லில் ஓடினேன். எல்லாமே நல்லவைதான். நான் போகாவிட்டால் யாருக்கும் தெரியாது என்பதுதான் அவற்றில் இருந்த ஒரே குறை. மழை வந்தால் போகமாட்டேன். கோலாலம்பூரில் சாயங்காலம் மழை வராத நாள் எது?

முவாய் தாய் வகுப்புக்கு என்னை இழுத்துக்கொண்டு போனது எதிர்வீட்டுப் பெண். கல்லூரியில் படிக்கிறாள், என்னை அக்கா என்பாள். என் வயதுக்கு அது பெரிய மரியாதை. ஜோடி இல்லாமல் அவளுக்குப் பயிற்சி நடக்கவில்லை. "நீங்க சும்மா பேட் புடிச்சா போதும்க்கா" என்றாள். சும்மா என்ற சொல்லை நம்பிப் போனேன்.

செந்தூலில் ஒரு கடைவீட்டின் முதல் மாடி. கீழே டயர் கடை. ஏறும்போது ரப்பர் வாசனை, மேலே போனதும் தைல வாசனை. தாய்லாந்துக்காரர்கள் பூசும் அந்த மஞ்சள் தைலம் மூக்கைத் துளைத்துக்கொண்டு நேராக மூளைக்குப் போகும். பயிற்சியாளர் தெற்குத் தாய்லாந்தின் ஹட்யாய் பக்கத்து மனிதர், எல்லோருக்கும் அவர் 'க்ரூ', அதாவது ஆசிரியர். தமிழ் தெரியாது, ஆங்கிலம் கொஞ்சம், மலாய் நன்றாகவே பேசுவார். 'லாகி' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு முழு வகுப்பையும் நடத்திவிடக் கூடியவர். இன்னும், இன்னும், இன்னும்.

அங்கே வருபவர்களைப் பார்த்தபோதுதான் என் பயம் பாதி போனது. பச்சை குத்திய முரட்டு இளைஞர்கள் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். இருந்தார்கள், இரண்டு மூன்று பேர். மற்றவர்களில் ஒருவர் பணி ஓய்வு பெற்ற சீனத் தாத்தா. இன்னொருவர் பல் டாக்டர். தூடோங் என்ற தலைத்துணி அணிந்த இரண்டு மலாய்க்காரப் பெண்கள், அம்மாவும் மகளுமாக வருவார்கள். அம்மாவின் உதை மகளுடையதைவிட அழகு.

முதலில் கைக்கட்டு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சண்டைக் கலை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நாலரை மீட்டர் நீளமுள்ள துணிப்பட்டை, ஒரு கைக்கு ஒன்று. நுனியில் உள்ள வளையத்தில் கட்டைவிரலை நுழைத்து, புறங்கை வழியாக மணிக்கட்டுக்குக் கொண்டுபோய் மூன்று சுற்று. அங்கிருந்து விரல் முட்டிகளுக்கு மேல் மூன்று சுற்று. பிறகு ஒவ்வொரு விரலிடுக்கிலும் நுழைத்து மணிக்கட்டுக்கே திரும்பி வர வேண்டும். கட்டைவிரலை ஒரு முறை சுற்றிப் பூட்டி, மிச்சத்தை மணிக்கட்டில் தீர்க்க வேண்டும். விரல்களை நன்றாக விரித்து வைத்துக்கொண்டு சுற்றினால்தான் முஷ்டி மடக்கும்போது இறுக்கம் சரியாக வரும். சேலைக்குக் கொசுவம் வைப்பது மாதிரிதான்: தளர்ந்தால் அவிழும், இறுகினால் மூச்சு முட்டும், அளவு கைக்குத்தான் தெரியும்.

இவ்வளவு பாடு எதற்கு? ஒரு கையில் 27 எலும்புகள். குத்தும்போது ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகள் இரண்டும்தான் இலக்கில் படவேண்டும். அவற்றுக்குப் பின்னால் மணிக்கட்டும் முன்கையும் நேர்கோட்டில் நிற்கும். சுண்டுவிரல் பக்கம் பட்டால் அங்கேயுள்ள மெல்லிய எலும்பு முறியும். டாக்டர்கள் அதற்கு 'குத்துச்சண்டைக்காரர் முறிவு' என்று பேரே வைத்திருக்கிறார்கள். ஆனால் தேர்ந்த குத்துச்சண்டைக்காரர்களைவிட, கோபத்தில் சுவரைக் குத்துகிறவர்களுக்குத்தான் அது அதிகம் வருகிறது.

கைக்கட்டை ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் பையைத் திறக்க முடியாது. கொடியில் நாலு நீளப் பட்டைகள் தொங்குவதைப் பார்த்து அத்தை, "யாருக்கு அடிபட்டுச்சு?" என்று பதறிவிட்டார். விளக்கிய பிறகு பதற்றம் கூடியது.

அப்புறம் பேட். இதற்குத்தான் இந்தக் கட்டுரையே.

வெளியில் இருப்பவர்கள் நினைப்பது போல இரண்டு பேர் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வது அல்ல அங்கே நடப்பது. ஒருவர் அடிப்பார், மற்றவர் முன்கையில் தடித்த தோல் பேட்களை மாட்டிக்கொண்டு அடியை வாங்குவார். ஒரு சுற்று மூன்று நிமிடம். மணி அடித்தால் ஒரு நிமிட ஓய்வு, பிறகு ஆள் மாறும். அடிப்பதுதான் கஷ்டம், பிடிப்பது ஓய்வு என்று நினைத்தேன். பிடிப்பது தனி வேலை. ஜேப் என்ற நேர்க்குத்து வந்தால் பேட் லேசாக முன்னே போய் அதைச் சந்திக்க வேண்டும். காத்துக்கொண்டு நின்றால் அடி தோளில் இறங்கும். உதை வந்தால் இரண்டு பேட்களையும் சேர்த்து உடம்போடு ஒட்டிப் பிடித்து, வயிற்றை இறுக்கி, அடி விழும் கணத்தில் எதிராக ஒரு சிறு தள்ளு கொடுக்க வேண்டும். சரியாகப் பிடித்தால் 'டப்' என்று மாடி முழுக்கக் கேட்கும். தப்பாகப் பிடித்தால் சத்தமே வராது. அடித்தவருக்கும் வலி, பிடித்தவருக்கும் வலி. எதிராளியின் தோள் எப்போது திரும்புகிறது, எந்தக் காலில் எடை மாறுகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த மூன்று நிமிடமும் அலுவலகம் ஞாபகத்துக்கு வராது. வர முயன்றால் பேட் மூக்கில் மோதும்.

ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு அலுப்பு என்றால், எதிர்வீட்டுப் பெண்ணுக்கு அன்று அடிக்க ஆள் இல்லை. ஏழு மணிக்கு வாசலில் அவள் குரல் கேட்கும். மழையா? அவளிடம் குடை இருக்கும். நான் தொடர்ந்து போவதற்கு மனவுறுதி காரணமென்று யாராவது பாராட்டினால் மறுக்காமல் கேட்டுக்கொள்கிறேன், ஆனால் உண்மை இதுதான். ஒரு பயிற்சி உடம்புக்கு எவ்வளவு நல்லது என்பதைவிட, நாம் வராவிட்டால் இன்னொருவருக்குக் கெட்டுப்போகுமா என்பதுதான் என்னைப் போன்ற சோம்பேறிகளுக்கு முக்கியம். பேட்மின்டனிலும் இது உண்டே என்பார்கள். உண்டு. எனக்கு ரப்பர் பந்தையே பிடிக்க வராது, இறகுப்பந்து எங்கே?

உடம்புக்கு என்ன கிடைக்கிறது என்பதில் விளம்பரப் பலகைகளை நம்பவேண்டாம். 'ஒரு மணி நேரத்தில் 1000 கலோரி' என்று நகரெங்கும் ஒட்டியிருக்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருப்பதைப்போல் எத்தனை மடங்கு ஆற்றல் செலவாகிறது என்று உடலியக்க ஆய்வாளர்கள் போட்ட 2011ஆம் ஆண்டுப் பட்டியலில் குத்துமூட்டையை அடிப்பதற்கான அளவு 5.5, இருவர் எதிரெதிரே மோதிப் பழகும் ஸ்பாரிங்குக்கு 7.8. அந்த எண்ணை உடல் எடையால் பெருக்கினால் ஒரு மணி நேரக் கணக்கு ஏறக்குறைய வந்துவிடும். 70 கிலோ ஆளுக்கு மூட்டையில் 385 கலோரி, விடாமல் ஒரு மணி நேரம் ஸ்பாரிங் செய்தால் 546. யாரும் அப்படி விடாமல் செய்வதில்லை. பாதி நேரம் தண்ணீர் குடிக்கிறோம். வகுப்பு முடிந்து கீழே மாமாக் கடையில் ஒரு ரொட்டி சானாயும் கிளாஸ் நிறைய தே தாரிக்கும் சாப்பிட்டால் செலவானதில் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிடும். எங்கள் பல் டாக்டருக்கு இது நன்றாகத் தெரியும். இரண்டாவது ரொட்டி சொல்வதும் அவர்தான்.

ஆனால் சர்க்கரைக்கு இந்த மாதிரிப் பயிற்சி நிஜமாகவே ஒத்துப்போகிறது, காரணமும் தெளிவானது. வேலை செய்யும் தசை, இன்சுலின் சரியாக எடுபடாத உடம்பிலும், ரத்தத்திலிருந்து குளுக்கோஸைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். பெரிய தசைகள் வேலை செய்தால் அதிகம் இழுக்கும். உதைக்கும்போது தொடையும் இடுப்பும் முதுகும் சேர்ந்தே இயங்குகின்றன. முவாய் தாய் உதை காலில் தொடங்குவதே இல்லை, ஊன்றிய பாதத்தின் முன்பகுதியில் சுழன்று, இடுப்பு திரும்பி, கடைசியில்தான் கால் வருகிறது. படுவது பாதம் அல்ல, முழங்காலுக்குக் கீழே உள்ள முன்னெலும்பு. ஆரம்பத்தில் அந்த எலும்பு பேட்டில் பட்டாலே கண்ணில் நீர் வரும். பாவாடை கட்டும் நாட்களில் நீலத் திட்டுகளை மறைக்க வேண்டியிருக்காது, பேண்ட் போடுபவர்களுக்கும் கவலையில்லை. முக்கால் பேண்ட்தான் ஆபத்து. என் எண்கள் இப்போது எல்லைக்கோட்டுக்குக் கீழே வந்திருக்கின்றன. சோற்றைக் குறைத்ததற்கும் அதில் பங்கு உண்டு. பயிற்சிக்கு மட்டும் மாலை போடமாட்டேன்.

தலையில் அடி வாங்குவது பற்றி என் கருத்து கறாரானது: பொழுதுபோக்குக்குப் பழகுகிறவர்கள் அதை வாங்கவே கூடாது. 1928லேயே அமெரிக்க டாக்டர் ஹாரிசன் மார்ட்லண்ட், குத்துச்சண்டைக்காரர்களிடம் காணும் தள்ளாட்டத்தையும் குழறலையும் மூளைக் காயத்தோடு இணைத்து எழுதிவிட்டார். தலைக்கவசம் போட்டால் சரியாகிவிடும் என்பவர்கள் இருக்கிறார்கள். கவசம் புருவம் கிழியாமல் காக்கும், மண்டைக்குள் மூளை குலுங்குவதை அது நிறுத்தாது. உலக அமெச்சூர் குத்துச்சண்டை அமைப்பு 2013இல் ஆண்கள் போட்டிகளில் கவசத்தையே எடுத்துவிட்டது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் வெறுந்தலையோடு மோதினார்கள். அது அவர்கள் பிழைப்பு. எனக்கு மறுநாள் காலை எட்டரைக்குக் கோப்பு படிக்க வேண்டும்.

எங்கள் வகுப்பில் ஸ்பாரிங் கட்டாயம் இல்லை. கேட்பவர்களுக்கு மட்டும், 16 அவுன்ஸ் கிளவுஸோடு, தொடுவது போல. நான் நின்றால், அடி உடம்புக்கு மட்டும், தலைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். க்ரூ ஒருமுறைகூட முகம் சுளித்ததில்லை. சின்ன வயதிலிருந்தே சண்டை மேடையில் ஏறி இறங்கியவர் அவர், யாரிடமும் எதையும் நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லாதவர். வேறு ஓரிடத்தில், பேர் வேண்டாம், தோழி ஒருத்தியை இரண்டாவது வகுப்பிலேயே ஓர் ஆணோடு நிறுத்தி 'பயம் போகட்டும்' என்றார்களாம். அவளுக்குப் போனது பயம் அல்ல, சந்தா. அடி வாங்காமல் சண்டைக் கலையின் பலன் கிடைக்குமா என்று சந்தேகப்படுபவர்கள் இண்டியானாபோலிஸில் 2006இல் தொடங்கிய 'ராக் ஸ்டெடி பாக்ஸிங்' பற்றித் தேடிப் பார்க்கலாம். பார்க்கின்சன் நோயாளிகளுக்கான குத்துச்சண்டைப் பயிற்சி அது. மூட்டை, பேட், காலடி எல்லாம் உண்டு. ஒருவரை ஒருவர் அடிப்பது மட்டும் கிடையாது.

வீட்டில் இதற்கு முதல் ஆதரவு அப்பாவிடமிருந்துதான் வந்தது, அதுவும் முகமது அலி தயவால். 1975 ஜூலை 1ஆம் தேதி கோலாலம்பூர் மெர்டேகா அரங்கத்தில் அலியும் ஜோ பக்னரும் மோதினார்கள். பதினைந்து சுற்றும் முழுதாக நடந்து, புள்ளிக் கணக்கில் அலி வென்றார். அப்பாவுக்கு டிக்கெட் வாங்க வசதி இல்லை. ஆனால் அலி இந்த ஊர்க் காற்றைச் சுவாசித்தார் என்பதே அவருக்குச் சொந்தப் பெருமை. மெர்டேகா 118 கோபுரத்தைக் கடக்கும்போதெல்லாம் அதன் காலடியில் இருக்கும் அரங்கத்தைக் காட்டி அதே கதையைச் சொல்வார். 2018இல் மேனி பக்கியாவ் புக்கிட் ஜாலிலில் லூகாஸ் மத்தீசேயை ஏழாவது சுற்றில் வீழ்த்தியதை நான் சொன்னால், "அதெல்லாம் சரி, பதினஞ்சு ரவுண்டு நிப்பானா?" என்பார்.

அம்மாவைச் சமாளிப்பதுதான் கஷ்டம். செந்தூலில் வளர்ந்தவர்களுக்குச் சண்டை என்றால் நினைவுக்கு வருவது விளையாட்டு இல்லை; கும்பல், அரிவாள், போலீஸ், மறுநாள் பத்திரிகையில் நம் ஆட்களின் பேர். பையன்களைக் குத்துச்சண்டைப் பக்கம் அனுப்பாமல் டியூஷனுக்கு அனுப்பிய தலைமுறை அது. அந்தப் பயத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அதனால் அம்மாவுக்கு அகிலன் தாணியின் கதையைச் சொன்னேன். அதே செந்தூல் பையன். அளவுக்கு மீறிய உடம்பைக் குறைக்கத்தான் ஜிம்முக்குப் போனார். 2017 மே மாதம் சிங்கப்பூரில், 'ஒன் சாம்பியன்ஷிப்' என்ற கலப்புச் சண்டைக் கலைப் போட்டியின் வெல்டர்வெயிட் பட்டத்துக்காக பென் ஆஸ்க்ரனை எதிர்த்து நிற்கும் அளவுக்கு வளர்ந்தார். அம்மா கவனமாகக் கேட்டார். "ஜெயிச்சானா?" என்றார். தோற்றார், முதல் சுற்றிலேயே. "பாவம், யாரு பெத்த புள்ளையோ" என்றதோடு பேச்சு முடிந்தது. என் வழக்குக்கு அது உதவவில்லை.

நம்முடைய சிலம்பம் இருக்கும்போது தாய்லாந்துக் கலை எதற்கு என்று மாமா ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. தோட்டத்துக் கோயில் திருவிழாக்களில் பெரியப்பா கம்பு சுற்றியதைப் பார்த்தவள்தான் நானும். பால்மரம் வெட்டிவிட்டு வந்து மாலையில் வெறுங்காலோடு ஆடுவார், கம்பு கண்ணுக்கே தெரியாது. சிலம்பத்தின் காலடி முறைக்கு முன்னால் எங்கள் வகுப்பின் காலடி மிக எளிது. ஆனால் எங்கள் பக்கத்தில் சிலம்ப வகுப்பு தமிழ்ப்பள்ளித் திடலில், சனிக்கிழமை காலையில், பிள்ளைகளுக்காக நடக்கிறது. என் மகன் போகிறான். அம்மாக்கள் ஓரமாக உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைக் காவல் காக்கிறோம். பெரியவர்களுக்கு, வேலை முடிந்த பிறகு, சாயங்கால வகுப்பு தொடங்கட்டும். செவ்வாய் அங்கே, வியாழன் இங்கே என்று பிரித்துக்கொள்கிறேன். கம்பு என்றால் நெற்றிப்பொட்டு உயரத்துக்குப் பிரம்பு வேண்டும், எல்ஆர்டியில் எப்படிக் கொண்டுபோவது என்று அப்போது யோசிக்கலாம்.

சேர நினைப்பவர்களுக்கு: முட்டி தேய்மானம், ரத்த அழுத்தம், கண்ணில் பிரச்சினை இருந்தால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள். நான் கேட்டேன், அவர் சிரித்தார், அப்புறம் "யாரை அடிக்கப் போறீங்க?" என்றார். பல இடங்களில் ஒரு வகுப்பு இலவசமாகப் பார்க்க விடுவார்கள். அன்று பயிற்சியாளரின் தசையைப் பார்க்காதீர்கள். மூச்சு வாங்கி ஓரமாக உட்காரும் குண்டான ஆளிடம் அவர் எப்படிப் பேசுகிறார் என்று பாருங்கள். ஸ்பாரிங் கட்டாயமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் நன்றி சொல்லிவிட்டு இறங்கி வாருங்கள். மாதக் கட்டணம் எங்கள் இடத்தில் இருநூறு வெள்ளிக்குச் சற்று மேலே. கிளவுஸ் முதல் சில வாரங்களுக்கு அங்கேயே இரவல் தருவார்கள், உள்ளே கையை விடும் துணிச்சல் இருந்தால். கைக்கட்டை மட்டும் இரவல் வாங்காதீர்கள். இருபது, முப்பது வெள்ளிக்குக் கிடைக்கும், இரண்டு ஜோடியாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு ஜோடி எப்படியும் கொடியில் ஈரமாகத்தான் இருக்கும்.